நாலு பழம்

அன்னூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார்:
பேருந்து ஒன்று, வேன் மூன்று,
நாயனக்காரர்களுக்குத் தனியே ஒரு டெம்போ.
மேட்டுப்பாளையத்தில் நாலரைக்குத் தேநீர்.
ஐந்துக்கு மலையேற்றம்.
கோத்தகிரியில் முகூர்த்தம் ஏழரை, ஒன்பது.

இரண்டாம் வேனில் கர்ப்பிணி ஒருத்தி, முன் இருக்கை.
சம்பந்தியம்மாளும் அவர் நாத்தனாரும்
ஒரே வண்டியில் கூடாது
(மாப்பிள்ளையின் தம்பி ரகசியமாகச் சொன்னது).
எலுமிச்சை நாற்பது.
மலையில் பிளாஸ்டிக் பை ஆகாது,
வாந்திக்குத் தாள் பை, இரண்டடுக்கு.

எல்லாம் நோட்டில் இருந்தது.
பென்சிலில்தான் எழுதுவேன்,
மலை அழிக்கச் சொன்னால் அழிக்க.

ஐந்து நாற்பதுக்கு யாசின் கூப்பிட்டான்.
குஞ்சப்பனை தாண்டி நிற்கிறதாம் பேருந்து,
பின்னால் மற்ற நாலும்.
பஞ்சரா?
"சாப்பிட்டுக்கிட்டு இருக்குது அக்கா."
எது?
"யானை."

ஆனி மாதம்.
டீசல் எழுதினேன், பெர்மிட் எழுதினேன்,
பலா பழுப்பதை எழுதவில்லை.

விளக்கை அணை, என்றேன். ஹாரன் வேண்டாம்.
மரத்துல எத்தனை பாக்கி?
பின்னால் யாரோ கிசுகிசுத்து எண்ணுவது கேட்டது,
தவில்காரராக இருக்கும், கணக்குத் தப்பாது.
"நாலு."

ஒரு பழத்துக்கு ஏழு நிமிடம் என்று வைத்தேன்.
இருபத்தெட்டு.
அதற்குள் மண்டபத்திலிருந்து பெண்ணின் மாமா
பெள்ளிராஜ்: எங்கேம்மா வர்றாங்க?
சாப்பாட்டில் இருக்கிறார்கள், என்றேன்.
பொய்யில்லை.

மூன்று.
இரண்டு.
நாற்பத்திரண்டு பேர் பட்டு கசங்காமல்
இருட்டில் உட்கார்ந்திருக்க,
ஒரு குழந்தை மட்டும் கேட்டதாம்,
நமக்கு ஒரு சுளை கிடைக்குமா என்று.

ஆறு எட்டுக்கு மரம் காலி.
கிளம்பு, என்றேன்.
"குட்டி இருக்குது அக்கா. கீழ விழுந்ததப் பொறுக்குது."
குட்டிக்கு எத்தனை நிமிடம்?
என் நோட்டில் அதற்குக் கட்டமில்லை.
பென்சிலைக் கீழே வைத்தேன்.
தகரக் கூரையில் பனி சொட்டியது,
அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழு இருபத்தாறுக்கு மண்டப வாசலில் முதல் சக்கரம்.
நேரமாச்சு என்று ஒருவரும் சொல்லவில்லை.
இறங்கினவர் எல்லோரும் ஒரே நேரத்தில் யானையைச் சொன்னார்கள்.
சம்பந்தியம்மாள் கையை அகல விரித்துக் காதைக் காட்ட,
இன்னும் பெரிசு, என்றார் நாத்தனார்.
அவரிடமே.

நான் ஓரமாக நின்று எழுதினேன்:
இறக்கம், மாலை மூன்றரை. இரண்டாம் கியர்.
அந்த மரத்தில் பழம் இல்லை.
அடுத்த மரத்தை
யாசினிடம் கேட்கவேண்டும்.