இடுப்புக்குக் கீழே கூட்டுறவுச் சங்கம்

கதை ஸ்பெயின் தேசத்துடையதாம். மேடை நாடகம்.
கடனோடு செத்தவனைப் புதைக்க விடாமல்
கொடுத்தவர்கள் ஆளுக்கொரு உறுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள்.
"சிரிப்பு வரணும், சிரிச்ச வாய் கசக்கணும்" என்றார்
இயக்குநர் நிரஞ்சன்.
வலங்கைமானுக்கு ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.
உயிரோடு பாடையில் ஏறிப்
பங்குனியில் கோயிலுக்குப் போகிற ஊர்.

மஞ்சள்காமாலை தெளிந்த வருஷம் நானும் படுத்தவன்.
மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு,
கால் கட்டைவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டு.
அந்த முன் அனுபவத்துக்கு நாளொன்றுக்கு எண்ணூறு,
மத்தியானம் பிரியாணி.
மூட்டை தூக்கிய தோளுக்குச்
சும்மா கிடப்பதுதான் வலித்தது.

கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரம் பார்ப்பதுபோல
மேக்கப் பெண் என் நெற்றியை ஒற்றி ஒற்றிப் பார்த்தாள்.
"பாடி வேர்க்குது சார்."

குடமுருட்டிக் கரையில் இறக்கி
தையல் டேப் வைத்து அளந்தார்கள்.
இடுப்புக்குக் கீழே கூட்டுறவுச் சங்கம்.
வயிறு மகளிர் குழுவுக்கு.
வலது கை, அடகுக் கடை.
"தலையை யாருக்காவது வேணுமா?"
இந்த இடத்தில் கூட்டம் சிரிக்க வேண்டும்.
கூட்டமாக வந்த எங்கள் தெரு சிரிக்கவில்லை.
கணக்கு அவர்களுக்குச் சரியாகத்தான் பட்டது.
கட். மறுபடி. மறுபடி.
வேலியோரம் தனக்கொடி
வியாழக்கிழமை தவணை என்று வாயசைத்தாள்.
பிணம் தலையாட்டக் கூடாது.

ஏழாவது டேக்கில் பறை நின்றது.
வெடிக்கடை கலியமூர்த்தி
விடியக்காலம் நிஜமாகவே போய்விட்டாராம்.
அடிக்க வேறு செட்டு இல்லை.
அமிர்தராசு ஆட்கள் ஐந்து பேரும் கிளம்பினார்கள்,
முகத்தில் சுண்ணாம்பு,
காகிதக் கூழில் செய்த முழநீள நீல மூக்கு.
கழற்ற ஒரு மணி நேரமாகும், பசை அப்படி.
மூக்கோடேயே போனார்கள்.

பாடையில் தனியே கிடந்தேன்.
கலியமூர்த்திக்கு நான் பதினோராயிரம்.
தீபாவளிக்குக் கடனாக எடுத்த சரக்கு, மூன்று நாள் மழை,
ஒரு சரவெடி வெடிக்கவில்லை.
எந்த உறுப்பு அவருக்கு என்று
வசனத்தில் எழுதாமல் விட்டிருந்தார்கள்.
விரல்கட்டை அவிழ்த்துக்கொண்டு நடந்தேன்.

சாவு வீட்டு வாசலில் மூக்குகள் ஆடின.
அடி சுத்தமாக இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒப்பாரியில் பாதி வரியோடு சௌந்தரவல்லி நிமிர்ந்தாள்.
என் மூக்குப் பஞ்சைப் பார்த்தாள். காசைப் பார்த்தாள்.

"ஏன்டா, நீ எப்பச் செத்தே?"

"நேத்துதாம்மா."

"கடனோடயா?"

"கடனோடதான்."

கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் வட்டம் குலுங்கியது.
அழுகையா மற்றதா,
முதுகை வைத்துச் சொல்ல முடியாது.
அவள் விட்ட வரியை விட்ட இடத்திலேயே எடுத்தாள்.

இரண்டு தெரு தள்ளி மைக்கில் கூப்பிட்டார்கள்:
"பாடி எங்கப்பா? வெளிச்சம் போகுது,
பாடியத் தூக்கிட்டு வாங்க."

கலியமூர்த்தியின் நான்கு பக்கமும் நின்றவர்கள்
மெதுவாகக் குனிந்தார்கள்.