பதினோராவது பன்றி

முதலில் முகம் கேட்பார்கள்.
மூக்கை நீட்டலாம், காதைக் கூராக்கலாம்,
வாலும் உண்டு, வேண்டுமானால்.
ஒன்றரை மணி நேரம் புருவம் செதுக்கினாயாம்,
பிற்பாடு நீயே சொன்னாய்.
செதுக்கி முடித்ததும் இரும்புத் தொப்பியை மாட்டிவிட்டார்கள்.
அதற்கப்புறம் எந்நாளும் உன் முதுகுதான் உனக்குத் தெரியும்.

பிறகு பெயர்.
வீரம் தொனிக்கிற பெயர்களையெல்லாம்
யார் யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.
மேசையைப் பார்த்தாய். வியாழக்கிழமை.
பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருந்தது.
அப்படித்தான் ஹெர்னெகெய்ட்டோ பிறந்தான்:
லெவல் ஒன்று, துருவேறிய வாள்,
தலைக்கு மேல் பச்சை எழுத்தில் சூப்பின் பெயர்.
கிணற்றுச் சுவரில் முட்டியபடி
நடந்துகொண்டே நின்றான்.

நான் அங்கே இருந்தேன்.
லெவல் அறுபது, நாகத்தோல் அங்கி.
அந்த ஊரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.
புதிதாக வருகிறவர்கள் வானத்தைப் பார்த்தபடி
பின்பக்கமாக நடப்பது பிடிக்கும், அவ்வளவுதான்.

"மவுஸை விடு" என்று எழுதினேன்,
நம் இருவருக்கும் சொந்தமில்லாத மொழியில், பிழையோடு.
"எங்கே விட?" என்று கேட்டாய்.
அதிலும் ஒரு பிழை.

கேள், ஓஸ்மோ.
தலைமேல் மஞ்சள் குறி இருப்பவனிடம் பேசு.
அவன் சொல்லும் கதை நீளம். படிக்காமல் தாண்டுவாய்,
எல்லாரும் தாண்டுகிறோம்,
பிறகு எங்கே போவதென்று தெரியாமல் திரிவோம்.
ஒரு பன்றி கேட்பான். ஒன்றே ஒன்று.
சிவப்புக் கோடு உயிர். நீலம் மந்திரம்; அது உனக்கு இன்னும் இல்லை.
சிவப்பு தீர்ந்தால் சாம்பல் நிறத்தில் இடுகாட்டில் எழுவாய்,
உன் உடம்பு கிடக்கும் இடத்துக்கு
நீயேதான் ஓடிப் போய்ச் சேர வேண்டும்.

பத்து முறை ஓடினாய்.
"எங்கள் காட்டுப் பன்றிக்கு இவ்வளவு கோபம் கிடையாது"
என்றாய் நான்காம் முறை.
ஏழாம் முறை ஒன்றும் எழுதவில்லை.
மைக்கைத் திறந்துவிட்டிருந்தாய், தெரியாமல்.
நாற்காலி கிறீச்சிட்டது. தெருவில் பனி வழிக்கும் வண்டி.
மூச்சுக்குள் ஒரு வசை.
எனக்கு ஃபின்னிஷ் தெரியாது. புரிந்தது.

என் சுண்டுவிரல் போதும் அந்தப் பன்றிக்கு.
கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம் என்றால்
அதற்கு இங்கே ஒரு விசை கிடையாது,
ஆட்டம் போடத்தான் இருக்கிறது.
ஆடிக்கொண்டே நின்றேன், வேலிக்கு இந்தப் பக்கம்.

பதினோராவது முறை பன்றி வேலியில் சிக்கியது.
குத்தினாய். விழுந்தது.
"இது கணக்கா?" என்றாய்.
இங்கே அதுவும் கணக்குத்தான்.
மூன்று செப்புக்காசு, இடதுகாலுக்கு ஒரு கிழிந்த பூட்ஸ்.
போட்டுக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடினாய்.
இம்முறை முட்டவில்லை.

கயானியில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறாய்,
எண்ணெய்க் குழாய் வெடித்து இரண்டு நாள் வேலையில்லை,
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது என்றாய்.
இங்கே புந்தா அரேனாஸில் இரவு ஒன்பதுக்கும்
ஜன்னலில் வெயில் என்றேன். நம்பவில்லை.
"சூப்பைச் சூடு பண்ணி" என்று பாதியில் எழுதினாய்.
அப்புறம் காணோம்.

ஹெர்னெகெய்ட்டோ கழுத்தைச் சொறிந்தான்.
ஆள் இல்லாதபோது அவர்கள் அப்படிச் செய்வார்கள்.
மைக்கில் குறட்டை கேட்டது.
சர்வர் அவனை வெளியே தள்ளும்வரை, இருபது நிமிடம்,
பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
உட்கார ஒரு விசை இருக்கிறது.

காலையில் காற்று. துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
போர்வெனீர் படகு எப்போது என்று கேட்டு
டிக்கெட் ஜன்னலில் நீள வரிசை.
"தெரியாது, யஸ்னாவைக் கேள்" என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.
முதல் ஆள் குனிந்து எதையோ கேட்டார்.
நான் அவர் தலைக்கு மேலே பார்த்தேன்,
பெயர் தேடி.