கடைசியாக நலமாகக் கண்ட நேரம்

படிவத்தில் ஏழாவது கட்டம் அது:
நோயாளி கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரம்.
இருபத்துநான்கு மணிக் கணக்கில் எழுதவும்.
தெரியாவிட்டால் 99.

பதினோரு மாதமாக
பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையில்
சப்பாத்துக்குள் அட்டைக்கு உப்புப் போட்டுக்கொண்டு
வாதம் அடித்தவர்களின் வீடு தேடி ஏறுகிறேன்.
அறுபத்து மூன்று பேர். அதில் நாற்பத்தொரு 99.
கண்டியிலிருந்து பேராசிரியர் அழைக்கிறார்:
"இத்தனை 99 வந்தால் இது என்ன ஆய்வு, ஜெசிந்தா?"

மூளைக் குழாயில் இரத்தம் கட்டி அடைத்தால்
ஊசிக்கு நாலரை மணித்தியாலம்.
அதற்குப் பிறகு
கரைக்க வந்த மருந்தே கசியவும் வைக்கலாம்.
அந்த நாலரையை
விழுந்த நேரத்திலிருந்து எண்ணுவதில்லை.
யாரோ ஒருவர் கண்ணுக்கு
அவள் முழுசாக இருந்த நேரத்திலிருந்து.

தங்கேஸ்வரி. வயது நாற்பத்தாறு.
கீழ்ப்பிரிவு, ஆறாம் லயம், நாலாம் காம்பரா.
மகள் சொன்னாள்:
"நாலு மணிக்கு, குறுக்குப் பாதையில,
கூடையோட அப்பிடியே சரிஞ்சிட்டாங்க.
கொழுந்து லொறி வர அஞ்சரை ஆயிருச்சு.
ஆஸ்பத்திரி வாசல்ல ஏழு நாற்பது."
16.00 என்று எழுதினேன்.
மூன்று மணி நாற்பது நிமிடம்!
ஒரு நோயைக் கண்டு இப்படிச் சந்தோஷப்பட்டதற்கு
அப்புறம்தான் வெட்கப்பட்டேன்.

கட்டிலில் இருந்தவள்
வலது கையை மட்டும் தூக்கினாள்.
வார்த்தைகள் ஒரு பக்கமாக ஒழுகி வந்தன.
"காலையில எட்டு கிலோ.
பகலைக்கு... மூணு."

கொழுந்து மடுவத்தில் நல்லுசாமிக் கங்காணி
விரல் நனைத்துப் புரட்டினார்.
ஒன்பது நாற்பது நிறுவை: எட்டு கிலோ நூறு.
பன்னிரண்டே கால் நிறுவை: மூன்று.
பக்கத்தில் சிவப்புப் பேனையால், அரைப்பேர்.
"கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு மிஸ்.
கள்ளம் பண்ணுதுன்னு நெனச்சேன்."
கொஞ்ச நேரம் தராசின் கொக்கியைப் பார்த்தார்.
"எழுதிறாதீங்க, எம்பேர."

இரண்டு கையும் ஓடினால்தான்
அந்த மலையில் கொழுந்து கூடை நிறையும்.
இடது கை கொஞ்சம் கொஞ்சமாக அவிந்துகொண்டிருந்தது
முப்பது பெண்களுக்கு நடுவில், நல்ல வெயிலில்.
அவர்கள் கண் அவரவர் நிரையில்.
இவர் கண் முள்ளில்.

16.00 மீது கோடு போட்டேன். 09.40.
இப்போது கணக்கு பத்து மணித்தியாலம்.
குறுக்குப் பாதையில் அவள் விழுவதற்கு
இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே
நாலரை தீர்ந்திருந்தது.
லொறி பறந்து வந்திருந்தாலும்.

எட்டாவது கட்டம்: தகவல் தந்தவர்.
உறவினர், சாட்சி, மருத்துவக் குறிப்பு, வேறு.
வேறு என்பதில் சரி போட்டு
தராசு என்று எழுதினேன்.

விதிப்படி திரும்பிப் போய்
நோயாளிக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.
வாசித்தேன்.
இடப்பக்கம் அசையாத ஒரு சிரிப்பு வந்தது.
"இப்பதான் நோயின்னு தெரிஞ்சிருச்சே.
அந்த அரைப்பேரத் திருப்பித் தருவாங்களா?"

அதற்குக் கட்டம் இல்லை.
பின்பக்கத்தில், குறிப்புகளுக்கென்று
விட்டிருந்த மூன்று வரியில்
அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதினேன்.

ஹட்டன் பஸ்ஸில் மழை.
படிவங்களை மடியில் பொலித்தீனோடு அணைத்திருந்தேன்.
நாளைக்குக் கண்டியில்
கணினியில் ஏற்றுகிற பையன்
போன் எடுத்துக் கேட்பான், பாவம், தெரியாமல்:
மிஸ், நோயாளியின் பெயரில்
எந்தப் பாதி விடுபட்டிருக்கிறது?