எந்த விரலால்

சிலோயே தீவு. காஸ்த்ரோ நகரம்.
சுகாதார அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
மழை ஜன்னலைத் தட்டுகிறது;
அங்கே அதற்கு யாரும் எழுந்து போவதில்லை.
யெர்கா நாவெல்கின் திரையில் ஓராண்டைக் கொட்டுகிறாள்:
நானூற்றுப் பன்னிரண்டு ஆம்புலன்ஸ் அழைப்புகள்.
கிடையாகத் தூரம், செங்குத்தாக நிமிடம்.
ஒவ்வொரு புள்ளியும்
யாரோ ஒருவர் கதவைத் திறந்துவைத்து நின்ற நேரம்.

கொட்டியதுமே அவை இரண்டாகப் பிரிந்துகொண்டன.
கீழே ஒரு கூட்டம்
எறும்புச் சாரியாய்ச் சாய்வில் ஏறியது,
தூரம் கூடக் கூட நிமிடமும் கூடியது, நியாயமாக.
மேலே இன்னொன்று. அதே சாய்வு,
ஆனால் நாற்பது நிமிட உயரத்தில் மிதந்தபடி.
நடுவே வெறும் வெள்ளை.

"எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கோடு போடு,
தலைநகருக்கு ஒற்றை எண் போதும்" என்றார் ஒயார்சோ.
போட்டாள்.
கோடு அந்த வெள்ளைக்குள் புகுந்து போனது,
ஒரு புள்ளியின் மேலும் படாமல்.
சராசரி முப்பத்தொரு நிமிடம்.
அந்த ஆண்டு முப்பத்தொரு நிமிடத்தில்
எந்த வண்டியும் எந்த வீட்டையும் சேரவில்லை.
மேல் கூட்டத்தின் முகவரிகளைப் பிரித்தாள்:
எல்லாம் கால்வாய்க்கு அக்கரை,
படகு வந்தால்தான் வண்டி வரும் வீடுகள்.
அவள் இழுத்த கோடு
கடலில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த ஒன்று.
மூன்று கிலோமீட்டர். நூற்று நாற்பது நிமிடம்.
இரண்டு கூட்டமும் கைவிட்ட உயரத்தில்
மெய்யெழுத்தின் தலையில் ஏறி உட்கார்ந்ததுபோல்
தனியே.
"தட்டச்சுப் பிழை" என்றார் ஒயார்சோ, கோட்டை மாட்டிக்கொண்டே.
அந்த நாட்டில் தசமத்துக்குக் காற்புள்ளி;
பதினான்குக்குப் பின்னால் அது விழுந்திருக்கும்,
அதனால் முளைத்த புள்ளி. எடுத்துவிடு.

எடுக்கும்முன் அக்கரைக்குத் தொலைபேசினாள்.
ஓட்டுநர் பால்தோமேரோ கார்காமோ
எதையோ மென்றுகொண்டே பேசினார்.
"பதினோரு நிமிடத்தில் போய்விட்டோம்.
போய்விட்டேன், நான் மட்டும். நர்ஸ் முந்தைய நோயாளியோடு
இக்கரைக்கு வந்திருந்தாள், காற்றில் படகு நின்றுபோனது.
ஆளுக்குத் தொடையில் வெட்டு, மரம் அறுக்கும் இயந்திரம்.
என் இரண்டு கையும் அதன்மேல்.
வந்து சேர்ந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், தெரியும்.
எந்த விரலால் அழுத்துவது?"

காற்று தணிந்து மருத்துவர் இறங்கும்வரை
அவர் கையை எடுக்கவில்லை.
எடுத்ததும் முதலில் அழுத்தியது பொத்தானை.
"ஆள்?" என்றாள்.
"பேக்கரிக்காரன்தானே. இதோ, அவன் ரொட்டிதான்."

அவள் அந்தப் புள்ளியை அழிக்கவில்லை.
பதினொன்றுக்கு இறக்கவும் இல்லை.
செங்குத்துக் கோட்டின் பெயரை மட்டும் மாற்றினாள்:
"வந்து சேர்ந்த நேரம்" போய்
"பொத்தான் அழுத்திய நேரம்".

மாற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள்.
கீழ்க் கூட்டத்தின் நடுவில்,
அரசு விதித்த பதினைந்து நிமிடத்தை ஒட்டியபடி
ஒரு வரிசை.
மேடோ சேறோ தெரியாத, அடக்கமான,
ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாத
அறுபத்தேழு நல்ல புள்ளிகள்.

இத்தனை நேரமும் அவை
அவள் கண்ணை உறுத்தவே இல்லை.
தொலைபேசியை மறுபடி எடுத்தாள்.