சோளம் வேகாத நாள்

ஐந்தாம் மாடிக்கு நான் அனுப்புவதெல்லாம்
வெந்தது, மறுபடி வெந்தது,
மூடி போட்டு நேரம் எழுதியது.
பச்சைக் கொத்தமல்லி ஓர் இலைகூட
அந்தக் கதவைத் தாண்டக் கூடாது.

டர்பன் ஆஸ்பத்திரிச் சமையலறையில்
பதினெட்டு வருஷம்,
உப்பைக் குறைப்பதே உத்தியோகம்.
எலும்பு மஜ்ஜை என்றால்
ஞாயிற்றுக்கிழமை உறிஞ்சுவது
என்றுதான் தெரியும் எனக்கு.

நான்காம் அறைக்கு வந்தவர் சிவசங்கரன் மூட்லி.
சாட்ஸ்வொர்த் பஸ் ஓட்டியவர்.
இரண்டு வருஷ முதுகுவலிக்கு
டிரைவர் சீட்டைத் திட்டிக்கொண்டிருந்தவர்.

டாக்டர் ராபியா அவர் மனைவிக்கு விளக்கும்போது
தட்டை வைத்துவிட்டு நானும் நின்றேன்.
அவர் ரத்தத்திலிருந்தே விதை எடுத்து
உறைய வைத்தாயிற்று,
இனி வயலை மொத்தமாகக் கொளுத்துவோம்,
பிறகு விதைப்போம்.
டாக்டர் சொன்னது வேறு வார்த்தைகள்.
எனக்குக் கேட்டது இதுதான்.

மருந்து ஏறும் நாள் என் முறை.
ஐஸ்.
கொதித்து ஆறிய தண்ணீரில் உறைந்தது,
கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்தது.
வாய் நிறைய அடக்கிக்கொண்டால்
மருந்து அந்தப் பக்கம் அதிகம் போகாதாம்,
புண் குறையுமாம்.

அன்று பார்த்து மின்வெட்டு.
ஜெனரேட்டர் வார்டுகளுக்கு உண்டு,
என் ஃப்ரீசருக்கும் லிஃப்டுக்கும் இல்லை.
தரை துடைக்கும் பொங்கானி
டப்பாவைப் போர்வையில் சுற்றிக்கொண்டு
ஐந்து மாடி ஏறினார், நான்கு தடவை.
கடைசித் தடவை சொன்னார்:
"உன் ஐஸும் நானும் ஒரே மாதிரி இளைத்துவிட்டோம்."

ஒரு நாள் விட்டு விதைப்பு.
ஒரே ஒரு பை.
ரசத்தின் அடிவண்டல் நிறம்.
வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கி
ஹ்லெங்கிவே இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள்.
இருபது நிமிஷம், முடிந்தது.
நான் இன்னும் பெரிதாக ஏதோ எதிர்பார்த்திருந்தேன்.

பிறகு அந்த வாசனை.
நடைபாதை முழுக்க வெந்த சோளம்!
வெளிச் சாப்பாட்டை உள்ளே விட்டது யார் என்று
கதவருகே சண்டைக்கு நின்றேன்.
ஹ்லெங்கிவேயின் முகமூடி குலுங்கியது.
உறைவிக்கும்போது சேர்த்த மருந்து
அவர் மூச்சில் வெளியே வருகிறதாம்.
யாரும் எதையும் வேகவைக்கவில்லை.

அதற்கப்புறம் பூஜ்யம்.
பலகையில் தினமும் பூஜ்யம்.
அவர்கள் எண்ணைப் பார்த்தார்கள்,
நான் தட்டைப் பார்த்தேன்.
ஆறாம் நாள், போனபடியே வந்தது.
எட்டாம் நாள், ஜெல்லியில் ஒரு ஸ்பூன் பள்ளம்.
அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்
டைரனிடம் சொன்னேன்.
காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பையன்.
சலைன் ஸ்டாண்டை ஸ்டீயரிங்போல் பிடிக்கவைத்து
மூட்லியை அவன்தான் நடத்துவான்.
கட்டில் அரீனா பார்க், ஜன்னல் பேவியூ.
"டிக்கெட் எடுத்தாயா?" என்று
மூட்லி கேட்ட அன்று
டைரன் கையுறையில் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான்.

அதே வாரம்
மூன்றாம் அறையின் பெயர்ச்சீட்டை
ட்ராலியிலிருந்து எடுத்தேன்.
எங்கே போடுவது?
ஏப்ரன் பையிலேயே இருந்து துவைந்துபோனது.
ஹ்லெங்கிவே கீழே வந்தாள், மூன்று சர்க்கரை போட்ட டீ.
நின்றபடி குடித்தாள். நானும் நின்றேன்.

பதினொன்றாம் நாள்
பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி, ஓர் ஆறு.
எனக்கு முதலில் சொன்னது பொங்கானி,
வாளியோடு, ஐந்து மாடி இறங்கி வந்து.
லிஃப்ட் அன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மதியம் கஞ்சிக் கிண்ணம் காலி.
அடியில் மடித்த காகிதம்:
"மாங்காய் ஊறுகாய்?"

கூடாது என்று எழுதினேன்.
மூன்று மாதம் கழித்து என்று எழுதினேன்.
கீழே தேதியும் போட்டேன்.

தேதி போட
எனக்கு அதிகாரமில்லை.