ஓர் உருண்டை போதும்

நான் மேசன் என்று எப்படியோ கேள்விப்பட்டு
பக்கத்து வீட்டுக்காரர் படலையில் வந்து நின்றார்:
மதில் ஒருபக்கம் இடிஞ்சு போச்சு,
பூசித் தர நாளுக்கு எவ்வளவு எடுப்பியள்?

நாற்பத்தாறு வருஷமாய் நான் காத்த இரகசியத்துக்கு
அவ்வளவு கிட்ட வேறு யாரும் வந்ததில்லை.
லொட்ஜில் அறை வாடகை என்ன என்று
தொலைபேசியில் கேட்டவர்கள் உண்டு.

கொம்பனித்தெருவில் ஒரு மேல்மாடி.
காற்று திரும்பினால் பேரே வாவியின் வாடை படியேறி வரும்.
தரை கறுப்பும் வெள்ளையும்.
அடிக்கல் வைத்தவன் ஒரு தேயிலைத் தரகன்,
வைத்த வருஷமே காய்ச்சலில் போனான்
என்கிறது முதலாம் குறிப்பேடு.
அடுத்த பக்கத்தில் விருந்துக் கணக்கு:
பதினாறு போத்தல், ஒரு வான்கோழி,
உடைந்த கிளாசுக்கு ஒன்றரை ரூபா.
என் நிறத்தில் ஒருவன் அந்தக் கதவைத் தட்ட
இன்னும் அறுபது வருஷம் எடுத்தது.

நான் சேர்ந்தபோது ஓஸ்வல்ட் ஜான்ஸ் செயலாளர்,
ஒரு காது கேளாது.
வாசலில் வாளோடு துவான் சல்டின்,
பகலில் தபால் கந்தோரில் முத்திரை குத்தும் கை.
பீடத்தில் நாலு வேதமும் தோளோடு தோள்.
கீதையின் மூலையைக் கறையான் தின்றபோது
புதுசு வாங்கி வந்தவர் அப்பாஸ்பாய்.
உள்ளே இரண்டைக் கதைக்கக் கூடாது,
மதம், அரசியல்.
மிச்சமெல்லாம் கதைக்கலாம்.
மிச்சம் என்ன, கிரிக்கெட்.

எண்பத்துமூன்று ஆடிக்கு
ஜான்ஸின் சாய்ந்த எழுத்தில் ஒரு வரிதான்:
ஊரடங்கு காரணமாகக் கூட்டம் இல்லை.
ஆவணியில் அதை வாசித்தார்கள்,
சரியென ஏற்றார்கள்,
கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.
இரவல் சட்டை, இரவல் சப்பாத்து,
எரிந்ததற்குப் பதிலாய் வெல்கம வாங்கித் தந்த ஏப்ரன்.
அவர் வீட்டுச் சாமான் அறையில்தான்
ஐந்து நாள் என் பிள்ளைகள் இருமலை விழுங்கினார்கள்.
அதையும் உள்ளே யாரும் கதைக்கவில்லை.
தருமப் பை சுற்றி வந்து என் மடியில் நின்றது.
அடுத்த கதிரைக்காரர் அதை வாங்கக் கை நீட்டவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு பெயர் வந்தது.
வங்கி உத்தியோகம், மரியாதையான பேச்சு.
முன்மொழிந்தவர் வெல்கம.
நேர்முகத்தில் ஆள் சிரித்தார்.
முன்பல்லில் ஓர் இடைவெளி.
எங்கள் ஒழுங்கை முகப்பில் கையில் தாளோடு
வீட்டிலக்கம் வாசித்தவனுக்கும் இருந்தது.

வாக்குப் பெட்டிக்கு ஒரு துவாரம்.
கையை விட்டால் மணிக்கட்டு வரை இருட்டு.
வெள்ளை உருண்டையும் கறுப்பும்
தொட்டால் ஒரே குளிர்.
எங்கள் சட்டத்தில் ஒன்று போதும்.

திறந்தார்கள்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை, அதுவும் சட்டம்.
வெல்கம மட்டும் கையுறையைக் கழற்றி
விரல் விரலாய் நீவி மடித்தார்.

அவன்தானா என்று இன்றைக்கும் தெரியாது.
யன்னல் கம்பிக்குள்ளால் கண்டது,
புகைக்கு நடுவே, ஆறு விநாடி இருக்குமோ.
கதைக்கக் கூடாததைச் சொல்ல
அந்த அறை எனக்குத் தந்த ஒரே சொல்
போளைக் குண்டளவு இருந்தது.

கனத்தையில் வெல்கமவின் பெட்டிமேல்
ஆளுக்கொரு பச்சைக் கிளை போட்டோம்.
என்னுடையது வழுக்கி மண்ணில் விழுந்தது.
குனிந்து எடுத்துத் திரும்பப் போட்டேன்.

இப்போது செயலாளர் நான்.
பெற்றோல் வரிசைக் காலத்தில் ஒன்பது பேர்
சைக்கிளிலும் நடந்தும் வந்தோம்.
கரண்ட் இல்லை. மெழுகுதிரியில் தரை முழுக்கக் கறுப்பு,
காலுக்குக் கீழே எந்தக் கட்டம் என்று தெரியாமல்
நடந்து போய் அவரவர் இடத்தில் நின்றோம்.

கரண்டி பிடிக்கத் தெரியாது என்றேன்.
பக்கத்து வீட்டுக்காரர் நம்பவில்லை.
அப்ப உள்ளுக்குப் போய் என்னதான் செய்யிறியள்?

சாப்பாடு நல்லாயிருக்கும் என்றேன்.
லம்ப்ரைஸ்.