அளபெடை

லேலோ அனுப்பிய கோப்பு முன்னூற்றுப் பன்னிரண்டு எம்.பி.
வானொலித் தொலைநோக்கி ஒன்றின் உள்காது.
இருபத்திரண்டு அடுக்குப் பலகை,
நாற்பதாயிரம் துளைகள்.
எள் விழ இடமில்லை;
விழுந்தால் இரண்டு மின்பாதைகள் ஒட்டிக்கொள்ளும்.

கடிதத்தில் புகார் என்று எதுவும் இல்லை.
ஒரே ஒரு வரி:
கம்பியை இழுக்கிறேன், தேநீர் குடிக்கிறேன், கம்பி வருகிறது.

தார்த்துவில் டிசம்பர்.
மூன்றரை மணிக்கே ஜன்னல் கறுத்து
என் முகத்தைத் திருப்பித் தந்தது.
பலகையைத் திறந்து சுட்டியை நகர்த்தினேன்.
கை போய்விட்டது.
கண் இன்னும் புறப்படவில்லை.
தும்பை விட்டு வாலைப் பிடிக்க ஓடுகிறவனாய்
அம்புக்குறியின் பின்னால் ஓடினேன்.

முதலில் ஓரக்கோடு வந்தது.
பிறகு தாமிரம், நீலத்தின் மேல் சிவப்பு,
சிவப்பின் மேல் ஏதோ பழுப்பு.
பெயர்கள் கடைசியில்:
சி இருநூற்று ஒன்பது, யு பதினான்கு,
பந்தி முடிந்தபின் வந்து சேர்ந்த உறவினர்கள்.

ஒரு சட்டகத்துக்கு எழுநூற்று நாற்பது மில்லிநொடி.
பதினாறு இருந்தால் கண் மன்னிக்கும்.

"நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்லுங்கள்"
என்றான் கைதோ.
அதைத்தான் நானும் பாதி எழுதியிருந்தேன்.
அவள் ஏற்கெனவே வாங்கியிருந்தாள்,
ஆயிரத்து நானூறு யூரோ.
அது மூன்று சதவீதம் விழித்திருந்தது,
மீதி உறக்கம்.

அப்படியென்றால் வியர்ப்பது யார்?

தேடினேன்.
ஒற்றைச் செயற்கூறு.
சுட்டி ஒரு புள்ளி நகர்ந்தால் போதும்,
தரைத்தாமிரம் முழுவதையும்
முக்கோணம் முக்கோணமாய் நறுக்கி
ஆறு லட்சம் துண்டுகளையும் சுமந்துபோய்க்
கார்டின் வாசலில் கொட்டியது.
அடுத்த புள்ளிக்கு மறுபடி முதலிலிருந்து.
தாமிரமோ அசையவே இல்லை.

எந்த மடையன் எழுதினான்
என்று சத்தமாகவே கேட்டு
வரலாற்றைத் திறந்தேன்.
ஒன்பது வருடம் முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை.
உர்மாஸ் தாம்மிக்.
மேலே என் கைப்படக் குறிப்பு:
தற்காலிகம், பிறகு சரிசெய்யவும்.

கைதோவும் திரையைப் பார்த்தான்.
கழுவிய கோப்பையை எடுத்துக்கொண்டு
மறுபடி கழுவப் போனான்.

அந்த வருடம் எங்களிடம் இருந்த பெரிய பலகை
ஒரு சவுனா அடுப்புக்கானது.
இரண்டே அடுக்கு. பறந்தது.
அதை நான் யாரிடமும் சொல்லவில்லை,
இங்கே சொல்கிறேன்.

திருத்தம் பதினொரு வரி.
மாறாததைத் தொடாதே, அவ்வளவுதான்.
பதினான்கு மில்லிநொடி!
எழுந்து நின்றுவிட்டேன்.
உட்கார்ந்து கொஞ்சம் தூர விலக்கிப் பார்த்தால்
துளைகள் எல்லாம் காணோம்.
ஒரு புள்ளியைவிடச் சிறிதானதை
நான் சுழியமாக்கியிருந்தேன்.
அதற்கு இன்னும் நான்கு நாள் பிடித்தது.

ஐந்தாம் நாள் லேலோ தொலைபேசியில்
ஒரே சொல் சொன்னாள்.
எங்கள் மொழியில் ஓசைக்கு மூன்று நீளம்.
ஸத என்றால் நூறு.
ஸாத என்றால் அனுப்பு.
இன்னும் இழுத்து ஸாஅத என்றால்
கைக்கு வந்து சேர்வது.
எழுதும்போது பின்னிரண்டும் ஒன்றே;
தொண்டைதான் பிரிக்கும்.
இரைச்சலான இணைப்பு.
அனுப்பச் சொன்னாளா,
வந்து சேர்கிற காலத்தைக் கேட்டாளா தெரியவில்லை.
அனுப்பினேன்.

இரண்டு நாள் மௌனம்.
பார்க்கவில்லை என்று நினைத்தேன்,
பிடிக்கவில்லை என்று நினைத்தேன்,
எமாயெகி ஆற்றோரம் நடந்தேன்.
நடுவில் தண்ணீர் ஓட, கரையோரம் மட்டும்
உறைந்து நின்றிருந்தது.

பிறகு பதில்:
கம்பி கையோடு வருகிறது. தேநீர் ஆறிப்போகிறது.
அதன் கீழே ஓர் இணைப்பு,
முப்பத்தாறு அடுக்கு.

திறந்தேன்.
கை போயிற்று.
ஜன்னலில் இருந்தவனும்
என்னோடு சேர்ந்து காத்திருந்தான்.